பெல்ஃபாஸ்ட் டைட்டானிக் அருங்காட்சியகம்: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டுக்கு யார் வந்தாலும், பெட்டியைக் கீழே வைத்த கையோடு விசாரிப்பது டைட்டானிக் அருங்காட்சியகத்தைத்தான். சித்தப்பா குடும்பம், மனைவியின் அக்கா குடும்பம், கல்லூரி நண்பர்கள் என்று இதுவரை நாலைந்து தடவை கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸாப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

அங்கே உண்மையான டைட்டானிக் கப்பல் இருக்கிறதா?

இல்லை. சிரிக்காதீர்கள், அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கப்பல் அட்லாண்டிக் கடலடியில் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. பெல்ஃபாஸ்டில் இருப்பது அது கட்டப்பட்ட இடம். ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் இருந்த மண்ணிலேயே அருங்காட்சியகத்தைக் கட்டி 2012 மார்ச் 31 அன்று திறந்தார்கள். டைட்டானிக்குக்கு அடிச்சட்டம் போட்டதும் இதே மார்ச் 31தான், 1909இல்.

கட்டடத்தை வெளியே நின்று ஒரு சுற்றுப் பாருங்கள். நான்கு மூலையிலும் கப்பல் முனை போல நீட்டிக்கொண்டிருக்கும். உயரம் 38 மீட்டர். டைட்டானிக்கின் உடலும் ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான். மேலே சுமார் 3,000 அலுமினியத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். கப்பல் மாதிரி தெரியட்டும் என்று கட்டியதற்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பனிப்பாறை’. இந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவை அப்படி.

மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த தட்டு, நகை எல்லாம் வைத்திருக்கிறார்களா?

கடலடியிலிருந்து தோண்டி எடுத்த எதையும் இங்கே வைப்பதில்லை. அதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். சுமார் 1,500 பேர் இறந்த இடம் அது, கல்லறையில் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம். வேறு நாடுகளில் சுற்றிவரும் சில கண்காட்சிகளில் அப்படிப்பட்ட பொருள்களைப் பார்க்கலாம். எனக்கு இவர்கள் செய்வதுதான் சரியென்று படுகிறது. ஆனால் ‘நிஜப் பொருள் நிறைய இருக்கும்’ என்று நம்பிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

உயிர் தப்பியவர்கள் வழியாக வந்தவை, கடல் மேல் மிதந்தவை, கப்பல் நிறுவனத்தின் காகிதங்கள் என்று கொஞ்சம் உண்டு. 2023இல் உள்ளே பல கூடங்களைப் புதுப்பித்த பிறகு வாலஸ் ஹார்ட்லியின் வயலினைக் காட்சிக்கு வைத்தார்கள். கப்பல் மூழ்கும்போதும் வாசித்துக்கொண்டிருந்த இசைக்குழுவின் தலைவர் அவர். வருங்கால மனைவி பரிசளித்த வயலின் அது. 2013இல் அதை 9 லட்சம் பவுண்டுக்கு ஏலம் எடுத்தார்கள். இரவல் வாங்கி வைக்கும் பொருள்கள் அவ்வப்போது மாறும். அதை மட்டும் நம்பிக் கிளம்புகிறீர்கள் என்றால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பார்க்க என்னதான் இருக்கிறது?

இது கப்பல் மூழ்கிய கதையைவிடக் கட்டிய கதையைச் சொல்லும் இடம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் கொடுத்த காசு வீணில்லை.

முதல் கூடத்திலேயே 1900களின் பெல்ஃபாஸ்ட் வந்துவிடுகிறது: லினன் துணி, கயிறு, புகையிலை, கப்பல். எங்கே பார்த்தாலும் புகைபோக்கி. ஹார்லண்ட் அண்ட் உல்ஃபில் மட்டும் சுமார் 15,000 பேர் வேலை பார்த்தார்கள். பலரும் இந்தக் கூடத்தை ஐந்து நிமிடத்தில் தாண்டி ‘கப்பல் எங்கே, கப்பல் எங்கே’ என்று ஓடுவார்கள். தயவுசெய்து ஓடாதீர்கள்.

அடுத்து ரிவெட் அடித்தவர்களின் பகுதி. நம்மூரில் ரிவிட் அடிப்பது என்றால் ஒருவரை மாட்டிவிடுவது. இங்கே நிஜமான ரிவெட்தான், தகடுகளை இணைக்கும் ஆணி. ஒரே கப்பலுக்கு 30 லட்சம். அன்று எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து ஒட்டும் முறை கிடையாது. ஒரு பையன் உலையில் ஆணியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தூக்கிப் போடுவான். இன்னொரு பையன் அதைப் பிடித்துத் துளையில் செருகுவான். உள்பக்கம் ஒருவர் கனமான சுத்தியலால் அதை முட்டுக்கொடுத்து நிற்க, வெளிப்பக்கம் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்துத் தலையைத் தட்டையாக்குவார்கள். இடிக்காமல் அடிக்க வேண்டுமே, அதனால் ஒருவர் வலக்கைக்காரர், ஒருவர் இடக்கைக்காரர். கூலி நாளுக்கு இத்தனை என்றில்லை, ஆணிக்கு இத்தனை. பலருக்குச் சில வருடங்களில் காது போய்விடும்.

டைட்டானிக்கைக் கட்டும்போதே எட்டுப் பேர் இறந்தார்கள். முதலில் போனவன் சாமுவேல் ஸ்காட், ஆணி பிடிக்கும் பையன், வயது 15. 1910 ஏப்ரலில் ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து இறந்தான். அவன் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைத்தது 2011இல்தான். அவன் இறந்தபோது கப்பல் இன்னும் தண்ணீரையே தொட்டிருக்கவில்லை. எனக்கு டைட்டானிக் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பையன்தான்.

உள்ளே ஏதோ ராட்டினம் இருக்கிறதாமே, பயமாக இருக்குமா?

ராட்டினம் இல்லை. தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து கப்பல் தளத்தின் உலை, சாரம், சுக்கான் எல்லாவற்றையும் மெதுவாகச் சுற்றி வரும் சவாரி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தை முதல் என் சித்தி வரை யாரும் பயப்படவில்லை. அதற்கு நிற்கும் வரிசைதான் நீளம்.

கப்பலைத் தண்ணீரில் இறக்கியது எப்படி?

1911 மே 31, நண்பகல் தாண்டிச் சில நிமிடங்கள். சறுக்குத் தளம் முழுக்கச் சோப்பும் கொழுப்பும் எண்ணெயுமாக 22 டன் பூசி வைத்திருந்தார்கள். 62 விநாடியில் கப்பல் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. ஷாம்பெயின் பாட்டில் உடைக்கவில்லை; டைட்டானிக்கின் உரிமையாளரான ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்துக்கு அந்த வழக்கமே கிடையாது. ‘பாட்டில் உடைக்காததால்தான் மூழ்கியது’ என்று யாராவது சொன்னால், அந்த நிறுவனத்தின் மற்றக் கப்பல்களுக்கும் உடைக்கவில்லை என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஜேம்ஸ் டாபின் என்ற தொழிலாளி முட்டுக்கட்டை சரிந்து அதன் அடியில் சிக்கி, மறுநாள் இறந்தார். எட்டில் அவரும் ஒருவர்.

இந்தக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியாகக் கீழே அதே சறுக்குத் தளம் தெரியும். அங்கிருந்து பார்த்துவிட்டு, பிறகு வெளியே இறங்கி அதன் மேல் நடந்து பாருங்கள். கட்டணம் இல்லை. 269 மீட்டர் நீளம் என்று படிப்பது ஒன்று, காற்றில் ஆடிக்கொண்டே அவ்வளவு தூரம் நடப்பது வேறு. அக்கா வீட்டுக்காரர் பாதியில் ‘போதும்பா’ என்று திரும்பிவிட்டார்.

முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு அறைகளைப் பார்க்க முடியுமா?

மாதிரி அறைகள் இருக்கின்றன. சுற்றிலும் திரை வைத்து இயந்திர அறையிலிருந்து மேல்தளம் வரை ஏற்றிக் காட்டும் ஒரு காணொளியும் உண்டு, அது நன்றாக இருக்கும். மூன்றாம் வகுப்பு என்றதும் மாட்டுக் கொட்டகை போல இருக்கும் என்று நினைக்கிறோம். அன்றைய மற்றக் கப்பல்களோடு ஒப்பிட்டால் இது வசதிதான். ஆனால் எழுநூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் குளியல் தொட்டி மொத்தம் இரண்டு. அந்த வகுப்புக்கே கட்டணம் சுமார் 7 பவுண்டு. கப்பலைக் கட்டிய தொழிலாளியின் வாரக் கூலி சுமார் 2 பவுண்டு. தான் அடித்த ஆணிகளின் மேல் ஏறிப் பயணம் போக அவர் ஒரு மாதக் கூலியைக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெரிய மாடிப்படியைப் பார்க்க முடியாதா என்று கட்டாயம் கேட்பீர்கள். அதன் நகல் ஒன்று மேல்மாடி விருந்து மண்டபத்தில் இருக்கிறது. சாதாரண டிக்கெட்டில் அங்கே விட மாட்டார்கள்.

மூழ்கும் பகுதி குழந்தைகளைப் பாதிக்குமா?

இருட்டாக இருக்கும், மோர்ஸ் தந்தி ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். டைட்டானிக் அனுப்பிய உதவிக் குரல்களும் மற்றக் கப்பல்களின் பதில்களும் எழுத்தாக ஓடும். பிணம், இரத்தம் எதுவும் காட்டுவதில்லை. படிக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் கனமாக இருக்கும். என் பெண் எட்டு வயதில், ‘கடைசிச் செய்தி ஏன் பாதியில் நிற்கிறது?’ என்று கேட்டாள். அவளை அப்படியே வெளியே கூட்டிக்கொண்டு வந்து ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்.

எல்லோருக்கும் ஏன் படகு இல்லை? சட்டத்தை மீறினார்களா?

மீறவில்லை, அதுதான் கொடுமை. 1894இல் போட்ட பிரிட்டிஷ் விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் என்றால் 16 படகு போதும் என்றது. டைட்டானிக் 46,328 டன். அதில் 20 படகுகள் இருந்தன. சட்டம் கேட்டதைவிட நாலு அதிகம், ஆனால் மொத்தம் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலில் இருந்ததோ 2,200 பேருக்கு மேல். அந்த இடத்தைக்கூட முழுதாக நிரப்பவில்லை. 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு பாதிகூட நிரம்பாமல் இறங்கியது. பிழைத்தவர்கள் சுமார் 700. முதல் வகுப்புப் பெண்களில் நாலு பேர் தவிர எல்லோரும் தப்பினார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் தப்பியது மூன்றில் ஒரு பங்கு. இதற்குப் பிறகுதான், 1914இல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையே வந்தது.

ஜாக், ரோஸ் பற்றி ஏதாவது உண்டா?

அவர்கள் 1997இல் வந்த படத்துக்காக உருவாக்கிய பாத்திரங்கள். கப்பலில் அப்படி யாரும் இல்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கல்லறையில் ‘ஜே. டாசன்’ என்று ஒரு கல் இருக்கிறது, அதில் போய்ப் பூ வைத்து அழுகிறவர்கள் உண்டு. அவர் ஜோசப் டாசன், கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளியவர். யாருக்காகவோ வைத்த பூ ஒரு கரித் தொழிலாளிக்குப் போய்ச் சேருகிறது, நல்லதுதான்.

இந்தியாவுக்கும் இந்தக் கப்பலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் அன்றைய சென்னை மாகாணத்தோடு. ரூத் பெக்கர் என்ற அமெரிக்கப் பெண் 1899இல் குண்டூரில் பிறந்தவர். குண்டூர் அப்போது நம் மாகாணத்தில்தான் இருந்தது. அப்பா அங்கே லூத்தரன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரி. கைக்குழந்தைத் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அம்மா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அப்பா குண்டூரிலேயே தங்கிவிட்டார். இங்கிலாந்து வழியாக வந்தவர்கள் ஏறியது டைட்டானிக்கின் இரண்டாம் வகுப்பில்.

கப்பல் மூழ்கிய இரவு 12 வயது ரூத்தைப் போர்வை எடுத்து வரச் சொல்லி அம்மா அறைக்கு அனுப்பினார். பிறகு 11ஆம் படகில் தம்பி, தங்கையை ஏற்றினார்கள், அம்மாவும் ஏறிவிட்டார். படகு நிரம்பிவிட்டது, ரூத் மேல்தளத்திலேயே நின்றுவிட்டாள். ‘அடுத்த படகில் ஏறு’ என்று அம்மா கீழிருந்து கத்தினார். ரூத் 13ஆம் படகில் ஏறினாள். அது கீழே இறங்கி நகருவதற்குள் 15ஆம் படகு தலைக்கு நேர் மேலே இறங்கி வந்து, மயிரிழையில் தப்பினார்கள். கையிலிருந்த போர்வைகளை, கொதிகலன் அறையிலிருந்து மெல்லிய சட்டையோடு ஓடிவந்திருந்த தொழிலாளர்களுக்குக் கொடுத்தாள். விடிந்த பிறகு, பிழைத்தவர்களை மீட்ட கார்பேத்தியா கப்பலில்தான் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அப்புறம் பல வருடங்கள் தன் பிள்ளைகளிடம்கூட அவர் இதைப் பற்றிப் பேசவில்லை. 1990இல் காலமானார்.

இன்றைய சத்தீஸ்கரில் உள்ள ஜாஞ்ச்கீரில் பெண்கள் பள்ளி நடத்திய ஆனி ஃபங்க் என்ற மிஷனரியும் கப்பலில் இருந்தார். அவர் வேறொரு கப்பலில் போக வேண்டியவர். நிலக்கரி வேலைநிறுத்தத்தால் டைட்டானிக்குக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 12 அவருடைய 38ஆவது பிறந்தநாள், நடுக்கடலில். அவர் பிழைக்கவில்லை.

‘நோமாடிக்’ என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறதே, அது என்ன? விட்டுவிடலாமா?

விடவே கூடாது. என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டியதே அங்கேதான்.

டைட்டானிக் பெரிய கப்பல், பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் கரைக்கு வர முடியாது. பயணிகளைக் கரையிலிருந்து ஏற்றிப் போகும் சிறு கப்பலாக 1911இல் இதே தளத்தில் கட்டியதுதான் நோமாடிக். 1912 ஏப்ரல் 10 மாலையில், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளை டைட்டானிக்கில் கொண்டுபோய் விட்டது இதுதான். ஒயிட் ஸ்டார் லைன் கப்பல்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே. நடுவில் இது பட்ட பாடு சொல்லி மாளாது: இரண்டு உலகப் போர்கள், பிறகு பாரிசில் ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில் மிதக்கும் உணவகம், பிறகு கேட்பாரில்லாமல் துரு. 2006இல் வட அயர்லாந்து அரசு ஏலத்தில் எடுத்தது, 2,50,001 யூரோவுக்கு. அந்தக் கடைசி ஒரு யூரோவை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு நிமிட நடை. டைட்டானிக்கில் ஏறப்போனவர்கள் நின்ற தளத்தில் நீங்களும் நிற்கலாம், கைப்பிடியைத் தொடலாம். அங்கே அவ்வளவு திரைகள், விளக்குகள் தராத ஒன்று இங்கே ஒரு பழைய மரச்சுவரில் கிடைத்துவிடும். ஆனால் பெரிய கட்டடத்தைச் சுற்றிக் களைத்தவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு டைட்டானிக் பெருமையா, அவமானமா?

நீண்ட காலம் யாரும் வாய் திறக்கவில்லை. தாங்கள் கட்டியது முதல் பயணத்திலேயே மூழ்கியது ஒரு காரணம். வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸும், கூடப் போன நிறுவனத்தின் எட்டு ஊழியர்களும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இன்னொன்றும் உண்டு. கப்பல் தளத்தில் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களுக்குத்தான் வேலை. 1912 ஜூலையில், கப்பல் மூழ்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், கத்தோலிக்கத் தொழிலாளர்களை அடித்து விரட்டினார்கள். கப்பலின் எண்ணைக் கண்ணாடியில் பார்த்தால் ‘போப் வேண்டாம்’ என்று தெரியும், அந்தச் சாபம்தான் மூழ்கடித்தது என்று ஒரு கதை சுற்றியது. சுத்தப் பொய், கப்பலின் கட்டுமான எண் 401. ஆனால் அப்படி ஒரு பொய் ஏன் இந்த ஊரில் எடுபட்டது என்பது வேறு விஷயம். அருங்காட்சியகம் இந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்பது என் குறை.

எவ்வளவு நேரம் ஆகும்? டிக்கெட் முன்பதிவு தேவையா?

உள்ளே இரண்டரை மணி நேரம், நோமாடிக்குக்கு முக்கால் மணி. டிக்கெட்டில் உள்ளே போகும் நேரம் குறித்திருக்கும், கோடை விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இணையத்தில் எடுத்துவிடுங்கள். காலை முதல் நேரம் அல்லது பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கம் கூட்டம் குறைவு. நடுப்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டிவிடும்.

எப்படிப் போவது? விசா சிக்கல் உண்டா?

பெல்ஃபாஸ்ட் நகர மையத்திலிருந்து ஜி2 கிளைடர் பேருந்து நேரே போகும். மழை இல்லையென்றால் லாகன் ஆற்றங்கரையோரம் அரை மணி நேரம் நடக்கலாம். டப்ளினிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

விசாவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டப்ளின் அயர்லாந்துக் குடியரசு, பெல்ஃபாஸ்ட் ஐக்கிய இராச்சியம். இரண்டும் வேறு நாடுகள். எல்லையில் சோதனைச் சாவடி இல்லாததால் விசாவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இரண்டு நாட்டுக்கும் ஒரே விசாவில் போகும் ஒரு கூட்டுத் திட்டம் உண்டு, ஆனால் விசாவில் அதற்கான முத்திரை இருந்தால்தான் செல்லும். டப்ளினில் ரயில் ஏறுமுன் அல்ல, சென்னையில் விண்ணப்பிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோர், சைவச் சாப்பாடு?

மின்தூக்கி எல்லா மாடிக்கும் உண்டு, சக்கர நாற்காலியில் சுற்றலாம். உட்காரும் இடங்கள் குறைவு என்பதால் முழங்கால் வலிக்காரர்களை அவசரப்படுத்தாதீர்கள். சாப்பாடு: சாண்ட்விச், சூப், கேக். தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் சறுக்குத் தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடல் காகங்கள் மட்டும் ஜாக்கிரதை.

இன்னும் அரை நாள் மிச்சம் இருந்தால்?

நகர மன்றத்துக்குப் போங்கள். அதன் தோட்டத்தில் 1920இல் திறந்த டைட்டானிக் நினைவுச் சின்னம் இருக்கிறது. பக்கத்திலேயே 2012இல் சேர்த்த வெண்கலப் பலகைகளில் இறந்த 1,512 பேரின் பெயர்கள், பயணி, பணியாளர், வகுப்பு என்ற பாகுபாடு இல்லாமல் அகரவரிசையில். ஆனி ஃபங்க் பெயரை அங்கேதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

கடையில் என்ன வாங்கலாம்?

தேநீர்க் கோப்பை, பொம்மைக் கப்பல், சாவிக் கொத்து என்று வழக்கமானவைதான், விலையும் கூடுதல். ஊரில் பல கடைகளில் ஒரு டி-ஷர்ட் கிடைக்கும், ‘இங்கிருந்து கிளம்பியபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள்’ என்று போட்டிருக்கும். ‘அவள்’ என்பது கப்பல். நூறு வருடமாக பெல்ஃபாஸ்ட் சொல்லும் பதில் அது. சித்தப்பாவுக்கு ஒன்று வாங்கித் தந்தேன். ரயில்வேயில் இயந்திரப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். படித்துப் பார்த்துவிட்டு, ‘நாங்களும் இதையேதான்டா சொல்லுவோம்’ என்றார்.